ஒரே பெட்டிக்குள் நாலு சிஸ்டம்

நைனார்பாளையத்தில் பச்சமுத்துவைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் எப்படித் தெரியும் என்பது காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே வந்தது. சிறு வயதில் அவன் கூலிக்காரப் பாவாடையின் மகன். பிறகு சின்னசேலம் ரோட்டு எடைமேடைக்காரன். அதன்பின் கொஞ்ச காலம் 'கம்ப்யூட்டர் பச்சமுத்து'. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்த காலம் அதுதான். கடைசியில் 'செவ்வந்தி புருசன்'. இந்தக் கடைசிப் பெயரைத்தான் அவனால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு இறங்குகிற லாரிகள் ஜவ்வரிசி ஆலைக்குள் போவதற்கு முன் எடைமேடையில் ஏறி நிற்கும். பக்கத்துச் சின்ன அறையில் ஒரு கம்ப்யூட்டர். திரையில் எடை வந்து நின்றதும் பச்சமுத்து சீட்டு அடித்துக் கொடுப்பான். பன்னிரண்டாவதோடு படிப்பை விட்டவனுக்கு அந்தப் பெட்டிமேல் அப்படி ஒரு மோகம். லாரி வராத நேரமெல்லாம் அதைக் குடைந்துகொண்டிருப்பான். முதலாளி புதுசு வாங்கியபோது பழையதை அவனிடமே கொடுத்துவிட்டார். கனத்த மானிட்டரைக் கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் அவன் ஊர் வந்து சேர்ந்ததைத் தெருவே நின்று பார்த்தது. அது இரண்டாயிரத்து ஒன்பதாம் வருசம். அந்தத் தெருவுக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர்.

வேறு யாராவதாக இருந்தால் படம் பார்த்திருப்பார்கள், பாட்டுக் கேட்டிருப்பார்கள். பச்சமுத்துவின் ஆசை வேறு மாதிரி. ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு சிஸ்டம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவன், ஏதோ ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியைப் போட்டான். அதே பெட்டி வேறு முகத்தோடு எழுந்து நின்றது. வேறு நிறம், வேறு எழுத்து, வேறு பழக்கம். அன்றைக்குப் பிடித்த பித்து பிறகு இறங்கவே இல்லை. கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து ஒவ்வொன்றாக இறக்கி, சிடியில் ஏற்றிக்கொண்டு வருவான். ஒரு வீட்டில் தடுப்பு வைத்து நாலு குடித்தனம் விடுகிற மாதிரி ஹார்டு டிஸ்க்கை நாலாகப் பிரித்தான். ஒன்றில் எல்லோருக்கும் தெரிந்த விண்டோஸ். இன்னொன்றில் உபுண்டு. மூன்றாவதில் பப்பி என்ற ஒரு குட்டி லினக்ஸ். நாலாவதில் யாரும் நிலையாக இருக்க மாட்டார்கள். புதுசாக ஒன்று குடிவரும், பிடிக்கவில்லையென்றால் மறு வாரமே காலி.

பெட்டியைப் போட்டதும் கறுப்புத் திரையில் நாலு பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து, எது வேண்டும் என்று காத்து நிற்கும். இதைப் பார்க்கவே ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்கள் வருவார்கள். பச்சமுத்து அம்புக்குறியை மேலும் கீழும் தட்டி, ஒவ்வொன்றாகத் திறந்து, ஒரே பாட்டை நாலிலும் ஓட்டிக் காட்டுவான்.

"இந்தப் பழைய பொட்டில விண்டோஸ் எழுந்திரிக்கறதுக்குள்ள நீ டீ போட்டு ஆத்திக் குடிச்சிடலாம். பப்பிய பாரு, தட்டன ஒடனே நிக்குது. ஆனா மறதி ஜாஸ்தி. சேத்து வைன்னு சொல்லலன்னா எல்லாத்தையும் மறந்துடும். உபுண்டு கொஞ்சம் மந்தம்தான். ஆனா எவன் பென் டிரைவ சொருவனாலும் வைரஸ் தொல்ல கெடையாது."

கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. அதையும் அவன் ஒரு பரீட்சையாக வைத்துக்கொண்டான். ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவிட்சை அணைத்துவிடுவான்; மறுபடி போட்டால் எது முனகாமல் எழுகிறது என்று பார்ப்பான்.

அவன் மனைவி செவ்வந்தி முறத்தில் அரிசி புடைத்தபடி இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருப்பாள். களமருதூர்ப் பெண், அவனுக்கு மாமன் மகள். பத்தாவது முடித்தவள். இருவருக்கும் ஒரு சின்ன மகள். ஒருநாள் ஆட்கள் போனபிறகு கேட்டாள்.

"நாலு கதவையும் தொறந்து தொறந்து மூடிக்கினே கீறியே மாமா, ஒண்ணுலயாவது உள்ள போயி எதனா பண்ணியா?"

"ஒனக்கு இன்னா தெரியும், போவியா" என்றான்.

செவ்வந்தி கம்ப்யூட்டரில் கைவைத்தது ஒரு கொம்பெழுத்தால். பச்சமுத்துவின் தங்கை காசியம்மாள் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. மண்டபத்து வாசலில் ஃப்ளெக்ஸ் கட்ட வேண்டும். கள்ளக்குறிச்சியில் கந்தசாமி என்பவர் நடத்திவந்த ஃப்ளெக்ஸ் கடையில் கொடுத்த மாதிரியை எடுத்துப் பார்த்தால் பெயர்களெல்லாம் சிதறிக் கிடந்தன. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் வெறும் வட்டம். "நீங்க குடுத்த எழுத்து எங்க சிஸ்டத்துல ஒக்கார மாட்டேங்குது" என்று கடையில் படம் செய்கிற ஆள் கையை விரித்துவிட்டான். வீட்டுக்குக் கொண்டுவந்து பச்சமுத்து விண்டோஸில் திறந்தான். அவன் போட்டுவைத்திருந்த பழைய விண்டோஸிலும் அதே சிதறல்தான். பின்னாலிருந்து எட்டிப்பார்த்த செவ்வந்தி, "அந்த ரெண்டாவதுல தொறந்து பாரேன்" என்றாள். உபுண்டுவில் கொம்பும் காலும் எழுத்தோடு ஒட்டிக்கொண்டு ஒழுங்காக வந்து நின்றன.

பச்சமுத்துவுக்கு அது போதும். எது ஜெயித்தது, எது தோற்றது என்று தெரிந்துவிட்டதே! செவ்வந்திக்குப் போதவில்லை. ஊரே வருகிற மண்டபத்தில் தப்பும் தவறுமாக அது தொங்கப்போகிறது. அவன் எடைமேடைக்குப் போனபிறகு உட்கார்ந்தாள். உபுண்டுவில் இருந்த படம் வெட்டும் மென்பொருளைத் தட்டித் தடவி, செய்ததை அழித்து, அழித்ததைத் திரும்பச் செய்து, நாத்தனார் மகளின் படத்தை வெட்டியெடுத்து, பின்னால் ஒரு தாமரைக்குளத்தை வைத்து, தாய்மாமன் பெயர் முதற்கொண்டு எல்லாவற்றையும் தானே அடித்து முடித்தாள்.

அச்சடித்துக் கொடுத்த கந்தசாமி, "யாருங்க செஞ்சது? பளிச்சுனு இருக்குது" என்றார்.

"எங்க வூட்லதான்" என்றான் பச்சமுத்து பெருமையாக.

வூட்ல என்றால் வீட்டில் என்றும் ஆகும், வீட்டுக்காரி என்றும் ஆகும். எதை நினைத்துச் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. கந்தசாமி சரியாகத்தான் புரிந்துகொண்டார். "அப்ப அவங்கள இன்னொண்ணு செய்யச் சொல்லுங்க" என்று ஒரு காதுகுத்துக்கான படங்களை அவன் கையிலேயே கொடுத்தனுப்பினார்.

காதுகுத்துக்குப் பின்னால் ஒரு கண்ணீர் அஞ்சலி வந்தது. அப்புறம் கபடிப் போட்டி, கோயில் திருவிழா, கல்யாணம். இரண்டு வருசத்தில் அந்த வட்டாரத்தில் எந்த ஊர் முச்சந்தியில் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தாலும் அது செவ்வந்தி கைவேலையா இல்லையா என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். அவள் செய்த படங்களில் முகம் முகமாக இருக்கும். சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுப்பாக்க மாட்டாள்.

பச்சமுத்துவுக்கு முதலில் அது ஒரு சின்ன உறுத்தல்தான். வேலை முடிந்து வந்தால் அவன் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருப்பாள். எழுந்து இடம் விடுவாள், இல்லையென்று சொல்வதற்கில்லை. பிறகு அவன் போனுக்கு அழைப்புகள் வர ஆரம்பித்தன. "அண்ணே, அக்கா இருக்காங்களா? எங்கப்பாவுக்கு மீசய கொஞ்சம் பெருசு பண்ணணும்." போனை நீட்டிவிட்டு அவன் வாசலில் போய் நின்றுகொள்வான். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் ஆட்கள் வந்தார்கள். நாலு பெயர் வரிசையாக வருவதைப் பார்க்க யாரும் வரவில்லை.

ஒருநாள் அவள் விசைப்பலகையில் இரண்டு விரலை வைத்து என்னவோ தட்டினாள். படத்தின் ஒரு துண்டு தனியாகக் கழன்று வந்தது. அவனானால் அதை மெனு மெனுவாகத் தேடித்தான் செய்வான். அது எப்படி என்று கேட்கிற கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அவள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துத் தானே தட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். அப்புறம்தான் உறைத்தது, எடைமேடைக்குப் போகிறவன் தான், வீட்டில் பெட்டியோடு இருப்பவள் அவள்.

பெண்டாட்டிமேல் சந்தேகம் என்றால் நாலு பேரிடம் சொல்லிப் புலம்பலாம். பங்காளி வரப்பை நகர்த்திவிட்டான் என்றாலும் சொல்லலாம், கேட்கிறவன் உச்சுக்கொட்டுவான். என் பெண்டாட்டி என்னைவிட நன்றாக மவுஸ் பிடிக்கிறாள், எனக்கு வயிறு எரிகிறது என்று எந்த டீக்கடையில் போய்ச் சொல்வது? அதுவும் அவன் கொண்டுவந்த பெட்டி. அவன் பிரித்த தடுப்பு. அவன் ஏற்றிய உபுண்டு.

வெளியே சொல்ல முடியாதது வேறு வழியாக வந்தது. பெட்டியைப் போட்டால் அதுவாகவே விண்டோஸுக்குப் போய்விடும்படி மாற்றி வைத்தான். செவ்வந்தி அடுப்படியிலிருந்து ஓடிவந்து அம்புக்குறியைத் தட்டுவதற்குள் அது கிளம்பிவிடும். முழுக்க எழும்வரை காத்திருந்து, அணைத்து, மறுபடி போட வேண்டும். பிறகு உபுண்டுவின் இடத்தில் கொஞ்சம் வெட்டி நாலாவது தடுப்புக்குக் கொடுத்தான். "புதுசு ஒண்ணு வந்துக்கினு இருக்குது, எடம் பத்தல" என்றான். அவள் சண்டைக்கு வந்திருந்தால் அன்றோடு போயிருக்கும். அவளோ பழைய படங்களில் வேண்டாததை அழித்துவிட்டு மிச்சம் இருந்த இடத்தில் வேலை செய்தாள். அந்தப் பொறுமையைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

இந்தச் சமயத்தில்தான் கரியன் வந்தான். வெள்ளிமலைப் பக்கத்துக்காரன், கிழங்கு லாரியோடு வந்து எடைமேடையில் நின்று நின்று பச்சமுத்துவுக்குச் சிநேகிதம் ஆனவன். ஒருதடவை அதே லாரியில் ஏறி பச்சமுத்து மலைக்குப் போய், கரியன் வீட்டில் சாமைச்சோறு சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறான். அன்றைக்குச் சோறு போட்டவள் கரியனின் தாய் பெருமாயி. அந்தப் பெருமாயி போன ஆடியில் செத்துப்போனாள். வருசம் திரும்புவதற்குள் வீட்டில் அவள் படத்தை மாட்ட வேண்டும் என்று கரியனுக்கு ஆசை. மாட்டத்தான் படம் இல்லை.

இருந்தது ஒன்றே ஒன்று. மலையில் ரேஷன் கடை திறந்த அன்று ஊர்ப் பெண்களை இரண்டு வரிசையாக நிறுத்தி யாரோ எடுத்த படம். மேல்வரிசையில், முன்னால் நிற்பவளின் தலைக்குப் பின்னால், விரல்நகம் அளவுக்கு ஒரு முகம். அதிலும் பாதி நிழல்.

கரியன் அதைத் தன் போனின் மெமரி கார்டில் கொண்டுவந்து பச்சமுத்துவிடம்தான் கொடுத்தான். "அண்ணே, ஒங்ககிட்ட நாலு சிஸ்டம் இருக்குதே. எதுலயாவது எங்கம்மாவ பெருசு பண்ண முடியுமா?"

பச்சமுத்து அன்று உட்கார்ந்த மாதிரி ஒரு ராஜா கூட உட்கார்ந்திருக்க மாட்டான். விண்டோஸில் திறந்தான், பெரிதாக்கினான். முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. உபுண்டுவில் திறந்தான், பப்பியில் திறந்தான். நாலாவதில் புதுசாகப் போட்டிருந்ததில் திறந்தான். எல்லாவற்றிலும் அதே சதுரங்கள். கடைசியில், "வராது கரியா. இதுல முகமே இல்ல, வெறும் புள்ளிதான்" என்றான்.

செவ்வந்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "குடு தம்பி, நான் ஒருவாட்டி பாக்கறன்."

அதுவரை பச்சமுத்துவின் பக்கம் இருந்த கரியனின் முகம் அவள் பக்கம் திரும்பியது. அப்படித் திரும்பியதைப் பச்சமுத்துவால் பிறகு மறக்கவே முடியவில்லை. படத்தை உபுண்டுவுக்குள் எடுத்துக்கொண்டு கார்டைத் திருப்பிக் கொடுத்தாள் செவ்வந்தி. கூடவே கரியனை வெளிச்சத்தில் நிறுத்தி இரண்டு மூன்று படம் எடுத்துக்கொண்டாள். "பையன் மூஞ்சில அம்மா இருக்கும்ல" என்றாள்.

அதற்குப்பின் கரியன் லாரியோடு வரும்போதெல்லாம் ஏதாவது கொண்டுவந்தான். ஒருதடவை மலைத்தேன், ஒருதடவை பலாப்பழம். எடைமேடை ஜன்னல் வழியாக நீட்டி, "அக்காகிட்ட குடுத்துடுங்கண்ணே" என்பான். பச்சமுத்து வாங்கிக் காலடியில் வைத்துக்கொண்டு அடுத்த லாரிக்குச் சீட்டு அடிப்பான்.

செவ்வந்தி சமையலை முடித்து, மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, மற்ற வேலைகளுக்கு நடுவே அந்த முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினாள். கரியனின் நெற்றியையும் தாடையையும் கடன் வாங்கி, மேலே சுருக்கம் சேர்த்து, நிழலிலிருந்த பாதிக்கு வெளிச்சத்திலிருந்த பாதியைத் திருப்பிப்போட்டு... ஒருநாள் வேலையிலிருந்து வந்த பச்சமுத்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டான். திரையிலிருந்து பெருமாயி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் சாமை போடவா என்று கேட்பவளைப் போல.

"மாமா, நீதான அந்தம்மாவ நேர்ல பாத்துருக்க. சரியா வந்துருக்குதா? எங்கயோ ஒண்ணு கொறையிற மாதிரியே இருக்குது எனக்கு" என்றாள் செவ்வந்தி.

குறைந்தது என்னவென்று அவனுக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. பெருமாயியின் நெற்றியில் பச்சை குத்தியிருந்தது. புருவத்துக்கு நடுவே சின்னக் கோலம் போல. அந்தப் படத்தில் அது விழவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

"எங்க ஞாபகம் இருக்குது? எப்பவோ பாத்தது" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான். தண்ணீரை மேலே ஊற்றிக்கொள்ளும்போதும் அதுவே மனசில் ஓடியது. அவன் நாலு சிஸ்டத்திலும் இல்லை என்று சொன்ன முகத்தை அவள் ஒன்றிலேயே எடுத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செவ்வந்தி ஒரு கல்யாண ஃப்ளெக்ஸின் நிறம் சரியாக வருகிறதா என்று பார்க்கக் கந்தசாமி கடைக்குப் போனாள். மகளையும் கூட்டிக்கொண்டு போனாள். வெயில் நேரம். தெருவில் யாரும் இல்லை. பச்சமுத்து பெட்டியைப் போட்டு, தடுப்புகளை மாற்றுகிற சிடியைச் சொருகினான். உபுண்டுவின் புதுப் பதிப்பு ஒன்று கையில் இருந்தது. பழையதை எடுத்துவிட்டுப் புதுசைப் போட்டால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பழையதை எடுத்துவிட்டால் எதோடு ஒப்பிடுவது என்று அவன் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. படத்தையெல்லாம் அவள் பென் டிரைவில் எடுத்துவைத்திருப்பாள் என்றும் சொல்லிக்கொண்டான். போன் பக்கத்திலேயே கிடந்தது, கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இரண்டாவது தடுப்பை அழிக்கட்டுமா என்று திரை கேட்டது. பச்சமுத்து ஆமாம் என்று தட்டினான். நிச்சயமாகவா என்று இன்னொரு தடவை கேட்டது. அதற்கும் தட்டினான்.

புதுசு ஏறி முடிந்தது. அழகாகத்தான் எழுந்தது. அவன் பாட்டுப் போடவில்லை. முன்னதைவிட வேகமா, மந்தமா என்று பார்க்கவும் தோன்றவில்லை.

சாயங்காலம் வந்த செவ்வந்தி உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். இங்கும் அங்கும் திறந்து தேடினாள். குரலை உயர்த்தவில்லை.

"இதுல இருந்ததெல்லாம் எங்க மாமா?"

"புது வெர்ஷன் போட்டன். நீ எடுத்து வெச்சிருப்பன்னு நெனச்சன்."

"அந்தப் படம் பென் டிரைவ்ல நிக்கல. அளவு ஜாஸ்தி. நீதான எடத்த கம்மி பண்ண? ஒரே எடத்துலதான் இருந்துச்சி." உடனே கரியனைப் போனில் கூப்பிட்டாள். மெமரி கார்டில் இருக்கிற படத்தை இன்னொரு தடவை தரமுடியுமா என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து கரியன் சொன்னது பச்சமுத்துவுக்கும் கேட்டது. கோமுகி அணையில் குளிக்கும்போது பழைய போன் கார்டோடு தண்ணீரில் போய்விட்டதாம். "அதனால இன்னாக்கா, அதான் ஒங்ககிட்ட இருக்குதே" என்று சிரித்தான்.

செவ்வந்தி போனை வைத்தாள்.

"எம்மேல இருக்கற எரிச்சல எங்கிட்ட காட்டியிருக்கலாம் மாமா. அந்தம்மா இன்னா பண்ணுச்சி ஒனக்கு? சோறுதான போட்டுச்சி?"

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. விண்டோஸை முன்னால் வைத்தது, இடத்தை வெட்டியது, ஞாபகம் இல்லை என்றது, எல்லாமே. தெரிந்தேதான் இவ்வளவு நாளும் பேசாமல் இருந்திருக்கிறாள். பச்சமுத்துவுக்கு நிற்க இடம் இல்லாமல் போயிற்று.

மறுநாள் எடைமேடைக்கு லீவு சொல்லிவிட்டு அவன் சிடிக் குவியலைக் கொட்டித் தேடினான். அழிந்ததைத் தோண்டியெடுக்கிற சிடி ஒன்று எப்போதோ இறக்கி வைத்தது இருந்தது. இத்தனை வருசத்தில் ஒருதடவைகூட அதற்கு வேலை வந்ததில்லை. அதைப் போட்டு, பெரிய பென் டிரைவ் ஒன்றைக் கந்தசாமியிடம் இரவல் வாங்கி வந்து சொருகினான். அது டிஸ்க்கை அடியிலிருந்து துழாவிக்கொண்டு வந்தது. நடுவில் கரண்ட் போய், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. கடைசியில் படங்கள் வந்து விழுந்தன. ஒன்றுக்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள். பாதிக்கு மேல் உடைந்தவை.

ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். காது குத்திய குழந்தை, மாலை போட்ட மாப்பிள்ளை, தூக்கில் தொங்கி இறந்துபோன பக்கத்துத் தெருப் பையன், கபடிக்காரர்கள். இரண்டு வருசத்து முகங்கள். ஒரே முகம் பத்து தடவை வந்தது. முதலில் மோசமாக, பிறகு சுமாராக, பிறகு நன்றாக. அவள் எப்படிக் கற்றுக்கொண்டாள் என்பது அதில் தெரிந்தது. அவன் கதவுகளைத் திறந்து மூடிக்கொண்டிருந்த காலத்தில் அவள் இங்கே உட்கார்ந்து இவ்வளவையும் செய்திருக்கிறாள். அந்த நேரத்திலும், இத்தனை குற்றவுணர்ச்சிக்கு நடுவிலும், அவனுக்குள் பழைய எரிச்சல் ஒருதரம் புரண்டு படுத்தது. அதை நினைத்து அவனுக்கே அசிங்கமாக இருந்தது.

ரேஷன் கடைப் படம் வந்தது. கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல் நிறமாகப் போய்விட்டது. முன்வரிசைப் பெண்களுக்குக் கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. மேல்வரிசை தப்பியிருந்தது. செவ்வந்தி கட்டிய முகம் மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

"செவ்வந்தி" என்று கூப்பிட்டான்.

அவள் வந்து பார்த்தாள். நாற்காலியை விட்டு அவன் எழுந்து நின்றான். அவள் உட்கார்ந்து மவுஸைப் பிடித்ததும் சொன்னான்.

"நெத்தியில பச்ச குத்தியிருந்துச்சி அந்தம்மாவுக்கு. இங்க, ரெண்டு புருவத்துக்கும் நடுவுல. கோலம் மாதிரி."

செவ்வந்தி திரும்பிப் பார்க்கவில்லை. "வரஞ்சி காட்டு" என்று மட்டும் சொன்னாள்.

அவன் சிமெண்ட் தரையில் சாக்குக்கட்டியால் வரைந்து காட்டினான்.

ஆடி மாதம் இருவரும் கச்சிராயபாளையம் வழியாக மலைக்கு பஸ் ஏறினார்கள். இரண்டாவது தடவை கட்டிய முகம் முதலாவதைவிட நன்றாக வந்திருந்தது. சட்டம் போட்ட படத்தைத் துணியில் சுற்றிப் பச்சமுத்துதான் மடியில் வைத்திருந்தான். கரியன் வீட்டில் துணியைப் பிரித்ததும் எல்லோரும் சுற்றிக் கூடிவிட்டார்கள். கரியனின் சின்னம்மா பொன்னாயி, ஒரு கிழவி, கிட்டே வந்து படத்தின் நெற்றியை விரலால் தொட்டாள். "அக்காளுக்கும் எனக்கும் ஒரே நாளுதான் குத்துனாங்க" என்று சொல்லிவிட்டுத் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். அப்புறம்தான் அழுதாள்.

கரியன் செவ்வந்தியின் கையைப் பிடித்துக்கொண்டான். "அந்தப் படத்துல பச்சையே தெரியலயேக்கா, ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"இவருதான் சொன்னாரு" என்றாள் செவ்வந்தி. வேறு எதையும் சொல்லவில்லை; அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. கரியன் அவனையும் கட்டிப் பிடித்தான். பச்சமுத்து நிமிராமல் நின்றான்.

இறங்குகிற பஸ்ஸில் அவள் ஒன்று சொன்னாள். இனிமேல் அந்தப் பெட்டியில் தான் வேலை செய்யப்போவதில்லை. கந்தசாமி கடைக்கே வரச்சொல்கிறார், போகப்போகிறேன் என்றாள். உத்தரவு கேட்கிற தொனியில் இல்லை அது. பச்சமுத்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "போ" என்றான்.

அவள் போனதும் வீட்டுப் பெட்டி முழுக்க அவனுடையதாயிற்று. நாலு தடுப்பு என்ன, ஆறு கூட வைத்துக்கொள்ளலாம், கேட்பார் இல்லை. சில வாரம் எதையெதையோ ஏற்றிப் பார்த்தான். ருசிக்கவில்லை. கந்தசாமி ஒருநாள் ஆள் அனுப்பினார்: கடையில் இருக்கிற மூன்று கம்ப்யூட்டரிலும் எழுத்து சிதறாத சிஸ்டம் போட்டுத்தர வேண்டுமாம், செவ்வந்திதான் அவன் பெயரைச் சொன்னாளாம். போனான். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் போவது பழக்கமாகிவிட்டது. எந்தப் பெட்டிக்கு எது ஒத்துக்கொள்ளும், எது பிரிண்டரோடு மல்லுக்கு நிற்கும் என்று அவன் சொல்வதைக் கேட்க அங்கே ஆட்கள் இருந்தார்கள்.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கராபுரத்திலிருந்து வந்த ஒருவர், படங்களை வாங்கப் பச்சமுத்து நீட்டிய கையைத் தாண்டி, "அந்தம்மா செஞ்சாத்தான் வேணும், நான் காத்துக்கினு இருக்கறன்" என்று உட்கார்ந்துவிட்டார். பச்சமுத்து வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினான். மத்தியானம் பின்பக்கத்து அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த செவ்வந்தி அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"இன்னா மாமா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?"

"வயிறு எரியுது."

"காலைல ஒண்ணும் துன்னலயா?"

"அது இல்ல. ஒன்னாலதான் எரியுது. எல்லாரும் ஒன்னத்தான் கேக்கறாங்க."

வாய்விட்டு அவன் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. செவ்வந்தி கையில் எடுத்த சோற்றோடு அப்படியே பார்த்தாள். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எரியட்டும். சாப்டுட்டு எரியட்டும்" என்று டப்பாவின் மூடியில் அவனுக்கும் சோற்றைப் போட்டு நகர்த்தினாள்.